மணிச் சத்தம் கேட்கிற தூரம்

ஜனவரி 12

அன்பு அக்காவுக்கு,

இங்கே எனக்கு உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள், முக்கியமாக என் வாண்டு எப்படி இருக்கிறான் என்று எழுது. முக்கியமாக என்று போட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

ஆஸ்பத்திரி நர்ஸ் விடுதியில் கட்டில் கிடைத்துவிட்டது. குழந்தைகள் வார்டில் வேலை. ஒரு வருடம் ஒழுங்காக வேலை பார்த்து நிரந்தரமாகிவிட்டால், குழந்தையோடு தங்க வீடு தருவார்களாம். அதுவரை விடுதிக்குள் குழந்தையை விடமாட்டார்கள். அவன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பாடெல்லாம் எதற்கு? இரண்டு வயதுகூட நிரம்பாதவனை உன் கையில் கொடுத்துவிட்டு வந்து, இங்கே ஊரார் பிள்ளைகளுக்கு ஜுரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பகலெல்லாம் வேலையில் ஓடிவிடுகிறது. படுத்தால் உன் வீடு முழுக்க என் கண்முன் வருகிறது. உன் தையல் மெஷின், கத்தரிக்கோல், சூடான இஸ்திரிப்பெட்டி, வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற தொட்டி. அந்தத் தொட்டிதான் எனக்குப் பெரிய பயம். உன் இடுப்பு உயரம்கூட இல்லாத தொட்டி அது. பக்கத்தில் துவைக்கிற கல்லில் ஏறினால் அவனுக்கு எட்டிவிடும்.

இதோடு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். உள்ளே சின்ன மணி இருக்கிறது. அவன் சட்டையின் பின்கழுத்தில் வைத்துத் தைத்துவிடு. கைக்கும் வாய்க்கும் எட்டக் கூடாது. நூலை இரட்டையாகப் போட்டுத் தை. நீ மெஷினில் உட்கார்ந்திருந்தாலும் அவன் எங்கே இருக்கிறான் என்று காதே சொல்லிவிடும்.

இன்னொன்று. வார்டன் அறையில் போன் இருக்கிறது, அவசரத்துக்கு மட்டும்தான். அது அடித்தாலே இங்கே எல்லாருக்கும் முகம் வெளுத்துவிடுகிறது. உன்னிடமிருந்து எனக்குப் போன் வரவே கூடாது. கடிதம் மட்டும் வரட்டும்.

அவனுக்கு என் முத்தம், உனக்கு மிச்சம்.
தங்கை


ஜனவரி 22

என் பயந்தாங்கொள்ளித் தங்கச்சிக்கு,

நாங்கள் மூன்று பேரும் கல்லுக்குண்டாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது கவலையைத் தின்றே வயிற்றை நிரப்புகிறாயா?

மணி வந்து சேர்ந்தது. நானும் தையல்காரிதானே, உன்னைவிட ஒரு படி மேலே யோசித்தேன். ஒரு சட்டையில் மட்டும் மணி இருந்தால், அதைத் துவைத்துப் போடுகிற நாளில் என்ன செய்வது? கடையில் அதே மாதிரி மணிகள் வாங்கி, அவனுடைய எல்லாச் சட்டைக்கும் தைத்துவிட்டேன். இப்போது எந்தச் சட்டை போட்டாலும் வீடு முழுக்கக் கிலுகிலு. அத்தான் லாரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், "என்னடி, வீட்டுல ஆட்டுக்குட்டி ஏதாவது வாங்கிட்டியா?" என்று கேட்டார். அவர் மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருக்கிறவர், வீட்டுக்கு வந்தால் எதைப் பார்த்தாலும் ஆச்சரியம்.

தொட்டிக்கு மேலே பலகை போட்டு மூடியிருக்கிறேன். கத்தரிக்கோல் ஆணியில் தொங்குகிறது. இஸ்திரி அவன் தூங்கும்போது மட்டும். போதுமா, நர்ஸ் அம்மா?

நிம்மதியாகத் தூங்கு.
அக்கா


பிப்ரவரி 8

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். எனக்கு லேசாகத் தொண்டை கட்டியிருக்கிறது, மற்றபடி நலம். அங்கே எல்லாரும் அப்படியே கல்லுக்குண்டாக இருங்கள்.

இந்த வாரம் ஒரு குழந்தையைக் கொண்டு வந்தார்கள். கொதிக்கிற பாலை மேலே கவிழ்த்துக்கொண்டது. அடுப்பு மேடையில் எட்டாத உயரத்தில்தான் வைத்திருந்தார்களாம். மேடைத் துணியின் நுனி தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, பிடித்து இழுத்துவிட்டது. அந்தப் பெண் வாசலில் நின்றுகொண்டு, "இப்பத்தான் பார்த்தேன், இப்பத்தான் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இங்கே வருகிற எல்லாரும் சொல்வது அதைத்தான் அக்கா.

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. பார்த்தவள் ஏன் பார்த்துக்கொண்டே இருக்கவில்லை என்று. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

நீ எல்லாச் சட்டைக்கும் மணி தைத்ததைப் படித்ததும் உன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. பலகையை மட்டும் மறக்காதே.

தங்கை


பிப்ரவரி 17

தங்கச்சிக்கு,

தொண்டைக்கு வெந்நீர் குடி. பிறருக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்வதில்லை என்பது உன் விஷயத்தில் உண்மை.

இங்கே எல்லாம் பழகிவிட்டது. மணி அடித்துக்கொண்டிருந்தால் தைக்கிறேன், நின்றால் எழுந்து போகிறேன். நின்றது என்றால் ஐயா ஏதோ திருட்டு வேலையில் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். நேற்று அப்படித்தான் போய்ப் பார்த்தால், கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து என் அளவு நாடாவைச் சப்பிக்கொண்டிருக்கிறான். "என்னடா பண்றே?" என்றால், "ஒண்ணுமில்ல" என்கிறான். பேச்சு வந்ததும் முதலில் வந்த பொய்.

முன்பெல்லாம் ஒரு பாவாடை தைக்க ஒரு நாள் ஆகும், பத்துத் தடவை எழுந்திருப்பேன். இப்போது காதை அவனிடம் விட்டுவிட்டுக் கையை மெஷினில் வைத்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்கிற பெரிய வேலைகூட ஒப்புக்கொண்டிருக்கிறேன். எல்லாம் உன் மணியின் புண்ணியம்.

எனக்கென்று ஒன்று பிறக்கவில்லை என்ற குறை இவன் வந்தபிறகு எங்கே போனது என்றே தெரியவில்லை. இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. சீருடை வேலை அதிகமா? அத்தானுக்கு ஏதாவது? விடுதியில் தபால் பிரிக்கிறவரிடம் தினமும் போய் நிற்கிறேன். "வந்தா கொடுக்கமாட்டேனாம்மா?" என்கிறார்.

போன் செய்யாதே என்றுதான் சொன்னேன். கடிதம் எழுதாதே என்று சொல்லவில்லை.

தங்கை


மார்ச் 24

தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம். கடிதம் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வாண்டுவுக்குச் சளி பிடித்திருந்தது. இப்போது நன்றாக இருக்கிறான். டாக்டர் கெட்டிக்காரர், நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார். நம் ஆள் சும்மா இருப்பானா, மூக்கில் வைத்த குழாயைப் பிடுங்கி நர்ஸ் மேலேயே எறிந்தான். உன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மணிகளைப் பிரித்து எடுத்துவிட்டேன். சத்தம் தலைவலியாக இருந்தது. இப்போது ஒரு துணிப்பட்டி தைத்து, ஒரு முனை அவன் இடுப்பிலும் மறுமுனை என் இடுப்பிலும் கட்டிக்கொள்கிறேன். சீருடை வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கண் வலிக்கிறது. பின்னாலிருந்த தொட்டியையும் அத்தான் உடைத்துவிட்டார். பழைய தொட்டிதானே, கசிந்துகொண்டிருந்தது.

குளிக்க வைப்பதுதான் கொஞ்சம் பாடு. தண்ணீரைக் கண்டால் அழுகிறான். இந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தானாம்.

கவலைப்படாதே.
அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன் என்பதை மறந்துவிட்டு எழுதியிருக்கிறாய். வெறும் சளிக்கு நெஞ்சைப் படமெடுத்து, ராத்திரி படுக்க வைத்து, மூக்கில் குழாய் வைக்கமாட்டார்கள். நன்றாக இருக்கிற தொட்டியை யாரும் உடைக்கமாட்டார்கள். தண்ணீரில் இறங்கினால் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவன் என் மகன். அவனுக்குத் தண்ணீர்ப் பயம் எங்கிருந்து வந்தது?

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தாலும் ஒன்றுதான் தெரிகிறது. அதை நான் எழுதமாட்டேன். நீ எழுது.

தங்கை


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

அவன் நலமாக இருக்கிறான். இப்போது என் மடியில்தான் இருக்கிறான். இதை முதலில் படித்துக்கொள், பிறகு மற்றதைப் படி.

அன்று துவைக்கிற நாள். தண்ணீர் மொள்ளப் பலகையை எடுத்தேன். துவைத்து முடித்து, அவன் போட்டிருந்தது போக மற்றச் சட்டைகளையெல்லாம் கொடியில் போட்டேன். பலகையைத் திரும்பப் போடவில்லை. அவன் உள்ளே பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். சீருடை மறுநாள் கொடுக்க வேண்டும், வந்து மெஷினில் உட்கார்ந்தேன். அவன் எழுந்து பின்பக்கம் போனது மணிச் சத்தத்திலேயே தெரிந்தது. போகட்டும், காது இருக்கிறதே என்று இருந்தேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. "வாண்டு, அங்க என்னடா பண்றே?" என்று இங்கிருந்தே கேட்டேன். பதில் சொல்கிற மாதிரி இன்னும் வேகமாக அடித்தது. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தைத்தேன்.

அன்று காற்று அதிகம். அடித்தது அவன் மணி இல்லை. கொடியில் காய்ந்த சட்டைகளின் மணி. எல்லாச் சட்டைக்கும் மணி தைத்த கெட்டிக்காரி நான்தானே. தண்ணீருக்குள் மணி அடிக்காது.

மெஷினில் நூல் தீர்ந்தது. புது நூல்கண்டு எடுக்க எழுந்தவள், ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று பின்னால் போனேன். சட்டைகள் ஆடுகின்றன, ஆளைக் காணோம். தொட்டியில் அவன் முதுகு தெரிந்தது. நூல் தீராமல் இருந்திருந்தால் நான் உனக்கு எழுதுகிற கடிதம் வேறு.

தூக்கியபோது உதடு நீலமாக இருந்தது. தலைகீழாகப் பிடித்தேன், முதுகில் அடித்தேன், என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. தண்ணீர் வாயால் வந்தது, பிறகு அழுதான். அந்த அழுகைச் சத்தத்தில்தான் எனக்கு உயிர் திரும்பியது. அப்படியே தெருவில் ஓடினேன்.

போன் செய்ய மூன்று முறை எண்ணைச் சுழற்றினேன். உன் வார்டன் அறையில் எல்லாருக்கும் முகம் வெளுக்கும் என்று எழுதியிருந்தாயே, வைத்துவிட்டேன். அது ஒரு சாக்கு. சொன்னால் நீ அவனைக் கொண்டுபோய்விடுவாய் என்று பயந்தேன். உண்மை அதுதான்.

இப்போது அவனைப் பட்டியை விட்டு அவிழ்க்கவே எனக்குக் கை வரவில்லை. நடக்க வேண்டிய பிள்ளை நாள் முழுக்க என் காலடியில் உட்கார்ந்திருக்கிறான். பேச்சும் குறைந்துவிட்டது. எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவன் துணிமணிகளை எடுத்து வை. அத்தான் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தங்கை


மே 5

தங்கச்சிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

நீ வந்த அன்று என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது நியாயம்தான். நீ விடுதியை விட்டுவிட்டு மூன்றாவது மாடியில் அறை எடுத்திருப்பதை அத்தானிடம் நீ சொன்னதை வைத்துத் தெரிந்துகொண்டேன். நீ வேலைக்குப் போகிற நேரத்தில் கீழ்வீட்டு அம்மா பார்த்துக்கொள்வாராம். நல்லவராகத்தான் இருப்பார். இருந்தாலும் அவருக்குத் தெரியாத சிலது எனக்குத் தெரியும், எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவன் தூங்குகிற மாதிரி நடிப்பான். இமை துடித்தால் தூங்கவில்லை. பொத்தானைக் கண்டால் மூக்கில் வைப்பான். கோபம் வந்தால் அழமாட்டான், ஒளிந்துகொள்வான். கூப்பிட்டால் வரமாட்டான், நாம் வேறு ஏதோ வேலை பார்க்கிற மாதிரிப் பாட்டை முணுமுணுத்தால் தானாக வருவான். கைப்பிடிக் கம்பி, சன்னல் கம்பி, எதில் இடைவெளி இருந்தாலும் தலையை விட்டுப் பார்ப்பான். கதவில் எந்தத் தாழ்ப்பாள் எப்படித் திறக்கும் என்பதை ஒரு தடவை பார்த்தால் போதும் அவனுக்கு.

அவன் சட்டை அளவைத் தடித்த காகிதத்தில் வெட்டி இதில் வைத்திருக்கிறேன். அளவெடுக்க நின்று கொடுக்கமாட்டான். அங்கே எந்தத் தையல்காரரிடம் கொடுத்தாலும் இதை வைத்துத் தைத்துவிடுவார். உறை கனமாகிவிட்டது. தபாலாபீஸ் பூட்டியிருக்கிறது, கையிலிருக்கிற ஸ்டாம்பை ஒட்டிப் பெட்டியில் போடுகிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது. வீட்டில் சத்தமே இல்லை.

அக்கா


மே 16

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் கடிதமும் அளவுக் காகிதமும் வந்து சேர்ந்தன. வாண்டு புது இடத்துக்கு நன்றாகப் பழகிவிட்டான். கீழ்வீட்டு அம்மாவிடம் ஒட்டிக்கொண்டான். காதுக்குப் பின்னால் கொஞ்சம் சிராய்ப்பு, விளையாடும்போது பட்டது, மருந்து போட்டிருக்கிறேன். அறைக் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் வைக்கச் சொல்லியிருக்கிறேன், பழையது கொஞ்சம் இறுக்கம்.

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன் அக்கா. உன் மார்ச் மாதக் கடிதம் மாதிரியே இருக்கிறது.

திங்கட்கிழமை ராத்திரி டூட்டி முடிந்து காலையில் வந்தேன். கீழ்வீட்டு அம்மாவிடமிருந்து அவனை வாங்கிக்கொண்டு மேலே வந்து, பால் கொடுத்து, பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். அவன் கண் சொருகியது. கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டால் கிறீச்சென்று கத்தும், அவன் விழித்துக்கொள்வான். கீழ்த் தாழ்ப்பாள் மட்டும் போட்டேன். அவன் தூங்கட்டும், ஐந்து நிமிடம் கழித்து எழுந்து மேலேயும் போடலாம் என்று நினைத்தேன். இமை துடித்ததா என்று நான் பார்க்கவில்லை.

யாரோ கத்துகிற சத்தம் கேட்டு எழுந்தேன். பக்கத்தில் அவன் இல்லை. கதவு திறந்து கிடக்கிறது. வெளியே ஓடினால், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையில் அவன் உடம்பு முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. தலை மட்டும் போகவில்லை, உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. கால் விரல்கள் படியின் விளிம்பில் நிற்கின்றன. கீழே மூன்று மாடி வெறும் பள்ளம். கால் நழுவினால் கழுத்து. நான் நர்ஸ், கழுத்து என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

அவன் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆள் கம்பிக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு, இரண்டு கையையும் வெளியே விட்டு அவன் அக்குளைப் பிடித்துத் தூக்கியபடி, "அம்மா, சீக்கிரம் வாங்க, பிடி நழுவுது" என்று கத்துகிறார். தபால்காரர். தபாலையெல்லாம் கீழே பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர்தான், மாடி ஏறுவதே இல்லை. அன்று ஒரு உறைக்கு ஸ்டாம்பு குறைவு, மிச்சக் காசை வாங்க வேண்டும் என்று என்னைத் தேடி ஏறி வந்திருக்கிறார். உன் உறை.

எண்ணெய் தடவி அவன் உடம்பை மெல்ல இந்தப் பக்கம் இழுத்து எடுத்தேன். தலையை நுழைக்கப் பார்த்ததில் காதுக்குப் பின்னால் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த மனிதர் படியிலேயே உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான் அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்பத்தான் பார்த்தேன்" என்றேன். "இப்பத்தாங்க பார்த்தேன்."

உன் கடிதத்தை அன்று சாயங்காலம்தான் பிரித்தேன். தாழ்ப்பாளும் இருந்தது, கம்பியும் இருந்தது, இமையும் இருந்தது. எல்லாவற்றையும் நீ எழுதியிருந்தாய். அவனைப் பெற்றவள் நான், அவனைத் தெரிந்தவள் நீ.

அந்த மணியை அனுப்பியவள் நான்தான். நீ ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. உன்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத ஆசை. முழுக்கப் போகவில்லை. என்மேல் வந்ததும் போகவில்லை. அன்றிலிருந்து அவன் தூங்கினால் நான் தூங்குவதில்லை. டூட்டியில் நேற்று மருந்து அளவைத் தப்பாக எடுத்துவிட்டேன், கூட இருந்தவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். அடுத்தவர் குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வேலையை விட்டால் நானும் அவனும் எங்கே போவோம்?

நீ வருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தங்கை


மே 21

தங்கச்சிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்ததும் மெஷினைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். நாளை மறுநாள் அத்தான் உன் ஊர் வழியாகத்தான் சரக்கு ஏற்றிப் போகிறார். நானும் மெஷினும் அதில் வருகிறோம். வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தால் அவர் என்ன செய்வார் என்று யோசிக்காதே, நானே கேட்டேன். "எனக்கு லாரிதான் வீடு, நீ எங்க இருந்தா என்ன, வழியில எறங்கிச் சாப்பிட ஒரு எடம் இருந்தாப் போதும்" என்கிறார். உனக்கு ஆஸ்பத்திரியில் தருவதாகச் சொன்ன அந்த வீடு கிடைக்கிறவரைக்கும் இருக்கிறேன். கிடைத்தபிறகு போ என்றால் போகிறேன்.

கோபத்தை அவசரப்பட்டுப் போக்கிக்கொள்ள வேண்டாம். வைத்துக்கொள். கோபத்தோடும் ஒரே வீட்டில் இருக்கலாம். எனக்கு மட்டும் என்மேல் இல்லையா?

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்தால், மேல் தாழ்ப்பாளைப் போடு. கிறீச்சென்று கத்தட்டும், அவன் விழித்துக்கொள்ளட்டும். டூட்டிக்கு இரண்டு நாள் லீவு சொல்லு, மருந்தைத் தொடாதே. நான் வந்து கதவைத் தட்டினதும் அவனை என் கையில் கொடுத்துவிட்டு நீ போய்ப் படு. எழுப்பமாட்டேன்.

என் பயம் போய்விட்டது என்று நினைத்துக் கூப்பிடுகிறாயோ என்னவோ. போகவில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை பின்னால் போய், தொட்டி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் இத்தனை நாள் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பயந்துகொண்டிருந்தோம், இரண்டு பேருமே தூங்கவில்லை. இனிமேல் உன் ஆஸ்பத்திரி மாதிரி முறை வைத்துக்கொள்வோம். நீ டூட்டிக்குப் போனால் நான் பயப்படுகிறேன். நீ வந்ததும் நீ பயப்படு, நான் தூங்குகிறேன்.

அக்கா